மீதி இரண்டு வரி

பிப்ரவரி 3, திங்கள்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் நூர் ஹயாத்தி இன்று ஒரு தாள் கொடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள். அவர் சொன்ன சொல், எப்போது சொன்னார், எந்த மொழி. தினமும் நிரப்பிக்கொண்டு வர வேண்டுமாம். தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் மற்றவர்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டுப்பாடம்.

கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மேல் எழுத இடமில்லை. எனக்கோ சுருக்கமாகச் சொல்ல வராது. அதனால் இந்த டைரி.

டிசம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார், வலது கையும் பாதி வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. எல்லாவற்றுக்கும் "தாக்" என்கிறார். மலாயில் இல்லை என்று அர்த்தம். காப்பி வேண்டுமா என்றால் தாக். வேண்டாமா என்றாலும் தாக். கொண்டுபோய் வைத்தால் குடித்துவிடுகிறார்.

அவர் மலாக்கா செட்டி. பல தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். கல்யாணத்தின்போது சோமசுந்தரம் பிள்ளை என்ற தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது அவருக்கு. நான்தான் எழுத வைத்தேன், பேசவும் வைத்தேன். ழகரம் மட்டும் கடைசிவரை வரவில்லை. மற்றபடி என் தம்பிகளைவிட நன்றாகப் பேசினார்.

பின்னால் கற்ற மொழி முதலில் போய்விடுவதும் உண்டு, ஆளுக்கு ஆள் மாறும் என்கிறாள் ஹயாத்தி. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். மலாய்க்காரர்கள் டீச்சரைக் கூப்பிடும் சொல். அதுவும் வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

தாக். தாக். மீன்காரனைப் பார்த்தும் தாக். கெம்போங் மீன் விலை ஏறிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேசிவிட்டார்.

காலையில் வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் குரல். குளறல் இல்லை, தடங்கல் இல்லை. "செரை செரும்புன் டி தெப்பி கெடை." கடை ஓரத்தில் ஒரு கொத்து எலுமிச்சைப் புல். இங்கே நாங்களும் அதைச் செரை என்றுதான் சொல்வோம்.

குழாயை மூடக்கூட இல்லை. பசாருக்கு ஓடி ஒரு கட்டு செரை வாங்கி வந்து மடியில் வைத்தேன். எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "தாக்" என்றார்.

போதாதோ என்று நினைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மறுபடி அதே வாக்கியம். இன்னொரு கட்டு வாங்கினேன். ரசத்தில் போட்டேன், டீயில் போட்டேன், கோழிக்குழம்பிலும் போட்டேன். சாப்பிட்டார். தாக்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று இரண்டாவது வாக்கியமும் வந்தது. "தும்புஹ் செண்டிரி டி ரூமா துவா." பழைய வீட்டில் தானாக முளைத்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைச் செரை வேண்டாம், அவர் பிறந்த வீட்டுக் கொல்லைச் செரைதான் வேண்டும். பாவம், நான் பசார் பசாராக அலைந்திருக்கிறேன்.

சாயந்திரம் இளவேனில் வேலை முடிந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"என்னம்மா இது, ஃப்ரிட்ஜா தோட்டமா? பால் வைக்க இடமில்ல."

"உங்கப்பா கேட்டாரு."

"அப்பா இவ்ளோ கேட்டாரா?"

எங்களுக்கு ஒரே பெண். வங்கியில் வேலை. நான் வைத்த பெயர் இளவேனில். அவர் தங்கைக்கு வாயில் நுழையாமல் வேனி ஆகிவிட்டாள். அவளைக் கேட்டுக் கனகராஜ் வீட்டார் தை மாதம் வருவதாக இருந்தது. அவனும் செட்டிப் பையன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அதற்குள் இவருக்கு இப்படி ஆகிவிட்டது, பேச்சு நின்றுபோனது.

எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. பையன் நல்லவன். தமிழ் தெரியாது, அவ்வளவுதான். நான் ஒருத்தி பிடிவாதமாக நின்று இந்த வீட்டுக்குள் தமிழைக் கொண்டு வந்தேன். பேரப்பிள்ளை பாட்டி என்னாமல் மலாயில் 'நேனெக்' என்று என்னைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், பார்க்காமல் என்ன. அவசரப்பட வேண்டாமே என்றுதான் சொல்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காஜா பெராங்கில் இருக்கும் பழைய வீட்டுக்கு அவரை அழைத்துப் போனோம். இப்போது அங்கே அவர் தங்கை லீலா இருக்கிறாள். லீலா பேசுவது மலாய். என் கைக்கு வருவது தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கொல்லையில் செரை ஆள் மறைகிற உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நான் வெட்டுக்கத்தி கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னேன். லீலா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான். அதனால் அவளை மன்னித்தேன்.

"அக்கா, அண்ணன் செரை கேக்கலே. அது பந்துன். முன்பாதிக்கா போய் பசார்ல சாமான் வாங்கினீங்க?"

பந்துன் எனக்குத் தெரியாததல்ல. மலாய்க்காரர்களின் நாலுவரிப் பாட்டு. செட்டிகளும் மூச்சு விடுகிற மாதிரி அதைச் சொல்வார்கள். முதல் இரண்டு வரியில் செடி, மீன், படகு என்று எதையாவது சொல்வது. அடுத்த இரண்டு வரியில்தான் விஷயம். முதல் வரியின் கடைசிச் சத்தம் மூன்றாவதில் வரவேண்டும், இரண்டாவதின் சத்தம் நாலாவதில். நம் இயைபுதான். எனக்கு அது எப்போதும் பொறுமையைச் சோதிக்கிற சமாசாரம். உப்பு வேண்டும் என்பதற்கு உப்பளத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் மாமனார் ஒன்று சொல்லிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். சாதம் போடட்டுமா என்று கேட்டேன்.

"மீதி இரண்டு வரி என்ன?" என்று லீலாவிடம் கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது. "இதுக்கா… தெரியலே அக்கா" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

வரும்போது ஒரு பை நிறையச் செரை கொடுத்தனுப்பினாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹயாத்திக்கு ஒரே சந்தோஷம். பேச்சு போனவர்களுக்குப் பாட்டும் செய்யுளும் மிஞ்சுவது உண்டாம். அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்ட வைத்து, கூடவே சொன்னாள். இரண்டு வரி அழகாக வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டார். "லாகி, பாக், லாகி" என்றாள், இன்னும் சொல்லுங்கள் ஐயா என்று. தலையை ஆட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஞாபகம் வரலையோ என்னவோ" என்றேன்.

"எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்துன்னா பரீட்சையில அஞ்சு மார்க். எங்கப்பா சண்டையே பந்துன்லதான் போடுவாரு" என்றாள் ஹயாத்தி. என்னிடம் மலாயில்தான் பேசுவாள். ஒரு மலாய்க்காரிக்கும் இந்தக் கவலை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவர்களுக்கென்ன, நாடே அவர்கள் மொழி என்றுதான் இருந்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. சாயந்திரக் கடைகளில் கூட்டம். இவருக்குப் பிடித்த பலகாரம் வாங்க வரிசையில் நின்றேன்.

இளவேனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். கனகராஜ் வீட்டார் பந்துன் சொல்லித்தான் பெண் கேட்பார்கள். அது அவர்கள் வழக்கம். பெண்ணின் அப்பா பந்துனில் பதில் சொல்ல வேண்டும். அப்பாவால் முடியாவிட்டால் சித்தப்பா முறையில் ஒருவர் சொல்லலாமாம், ஆனால் இவள் ஒப்பவில்லை.

"அப்பா வாயால வந்தாத்தான்ம்மா. இல்லேன்னா வேணாம். காத்திருப்பேன்."

"அவருக்குப் பேச்சு வர இன்னும் எவ்வளவு நாளாகுமோ."

"அதான் சொல்றேனே, காத்திருப்பேன்." எழுந்தவள் திரும்பி நின்று, "அப்பா சரின்னு ஒரு வார்த்தை சொன்னதே இல்லம்மா. எப்ப கேட்டாலும் சிரிச்சிட்டு உங்களப் பாப்பாரு" என்றாள்.

கண் சிவந்திருந்தது. வங்கியில் ஏசி அதிகம்.

காத்திருப்பதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

கனகராஜ் வந்து குளியலறையில் கைப்பிடி மாட்டிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை. சுவரைத் துளைத்த தூசியெல்லாம் அவனே கழுவினான். ஆடி அசையாத கைப்பிடி.

செரை போட்ட டீ கொடுத்தேன். வீட்டில் வேறென்ன இருக்கிறது. "நன்றி அத்தே" என்றான். 'அத்தை' அவன் வாயில் மூன்று கால் பிராணி மாதிரி நொண்டுகிறது. கோயிலில் தேவாரம் பாடுவானாம், ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு. ஒரு பதிகம் பாடச் சொன்னேன். சோதிக்கத்தான். பாடினான். ராகம் சுத்தம். என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அர்த்தம் தெரியாது அத்தே. பாடுனா வயிறு நெறையுற மாரி இருக்கும்" என்றான், மலாயில்.

இதற்கு என்ன மார்க் போடுவது.

உள்ளிருந்து இவர் செரை வரியைச் சொன்னார். கனகராஜ் கையிலிருந்த கப்பை வைத்துவிட்டு எழுந்து நின்றான். எதற்கு நின்றான் என்று தெரியவில்லை. மரியாதை போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

சித்திரை பிறந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏப்ரல் 20, ஞாயிறு. பதில் கிடைக்காவிட்டால் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போவார்களாம், கோபமில்லையாம். லீலா வந்து சொன்னாள்.

துணி மடிக்கும்போது சும்மா அந்த மீதி இரண்டு வரியை இட்டு நிரப்பிப் பார்த்தேன். மூன்றாவது வரி கெடைக்கு இயைந்து 'ஐ'யில் முடிய வேண்டும், நாலாவது துவாவுக்கு இயைந்து 'வா'வில். யாப்பு படித்தவளுக்கு இது பெரிய காரியமா. வந்துவிட்டது. நல்ல ஆசை துவண்டுவிடாது, ஒரு வருஷம் பொறுத்தால் எப்படியும் வந்து சேரும் என்று பொருள். மலாயில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. வெறும் இலக்கணப் பயிற்சி.

அவர் கூடவே தாளம் போட்டால் இதைச் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். ஹயாத்தி செய்கிற மாதிரி தினம் பயிற்சி கொடுத்தால். ஒரு வருஷத்தில் உடம்பும் தேறிவிடும், அதைச் சொல்கிறேன்.

மார்ச் 22, சனி

பயிற்சி தொடங்கினேன். முதல் இரண்டு வரி சேர்ந்து சொன்னோம். மூன்றாவது நான் ஆரம்பித்ததும் கையை இழுத்துக்கொண்டார். "தாக்."

இதுவரை அவர் சொன்ன தாக்குகளில் இது மட்டும் உண்மையான தாக்.

மார்ச் 24, திங்கள்

மறுபடி முயன்றேன். எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தனியாக.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஹயாத்தி வீட்டுக்குப் பெருநாள் விருந்துக்குப் போய்விட்டுப் பழைய வீட்டுக்கும் போனோம். இவர் முன்னறையில் தூங்கினார். நானும் லீலாவும் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தோம். லீலா திடீரென்று சொன்னாள்:

"அக்கா, சொன்னா கோவிக்கக் கூடாது. அந்தப் பந்துன் பழசு இல்லே. அண்ணன் கட்டினது. தீபாவளி முடிஞ்சு ஒரு நாள் கொல்லையில நின்னு செரையப் பாத்துக்கிட்டே கட்டினாரு. வேனியக் கேட்டு வர்றப்ப சொல்றதுக்கு."

"மீதி?"

"மீதிய அவரு கட்டவே இல்லே. நானும் கேட்டேன். 'அது சிக்குகிட்ட இருக்கு. அவ மனசு தெரியாம நான் எப்படி முடிக்கிறது'ன்னாரு."

இலை கிழிந்துவிட்டது. இந்தக் காலத்து இலை எல்லாம் மெலிசாக வருகிறது.

அவர் மறக்கவில்லை. மறப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை. ஹயாத்தி தட்டத் தட்ட மூன்றாவது வரியில் நின்று என்னைப் பார்த்தாரே, அது திணறல் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. திரைச்சீலைகளைத் துவைத்தேன். துவைத்துப் போட்டதை மறுபடி துவைத்தேன்.

உள்ளுறை என்று ஒரு பாடம் உண்டு. பழம் பாட்டில் ஒரு மரமோ பறவையோ சும்மா வராது. சொல்ல வந்தது அதற்குள்தான் ஒளிந்திருக்கும். எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன். கடை ஓரத்துச் செரை. வாணிபம் செய்ய வந்தவர்கள் வீட்டுப் பக்கம் முளைத்த புல். யாரும் நடாமல் பழைய வீட்டில் தானாக முளைத்தது. அது அவர்கள். ஒருவேளை அது கனகராஜ். நான் போய் ரசத்தில் போட்டேன்.

கெடை நம்முடைய கடைதான். அதற்கு இயைய இன்னொரு சொல் இருக்கிறது, மெம்பெலை. கல்யாண ஜோடியைச் சொல்வது. நம் மாப்பிள்ளைதான் கப்பலில் வந்து அப்படி ஆனான். இதைச் சொல்லிச் சொல்லியே இவரைக் கேலி செய்வேன், எங்கள் சொல்லை எடுத்துக்கொண்டுபோய்க் கெடுத்துவிட்டீர்கள் என்று. கெடுக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார்.

சும்மா குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

நாற்காலி வாடகைக்கு வந்தது. ஒன்றுக்குக் கால் ஆடுகிறது, மாற்றச் சொன்னேன். லீலா பலகாரம் கொண்டு வருவாள். கேசரி என் பொறுப்பு.

இளவேனில் அவர் நகத்தை வெட்டிவிட்டாள். "அப்பா, முடிஞ்சா சொல்லுங்க. முடியலேன்னாலும் பரவால்ல" என்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். வலது கை. மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்ச் சேர்ந்தது.

என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்துப் பேர் வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பூ. கனகராஜ் வேட்டியில் தடுக்காமல் உட்கார்ந்தது எனக்கு ஆச்சரியம். அவனுடைய தாய்மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பந்துனில் கேட்டார். படகைக் கரையில் கட்டிவிட்டு நிற்கிறோம், உங்கள் தோட்டத்துப் பூவைக் கேட்டு வந்தோம் என்று. பூவும் தோட்டமும்தான் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நல்ல குரல்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். இளவேனில் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் இடது கையால் தொடையில் தட்ட ஆரம்பித்தார்.

"செரை செரும்புன் டி தெப்பி கெடை,
தும்புஹ் செண்டிரி டி ரூமா துவா…"

கை நின்றது.

தாய்மாமா தரையைப் பார்த்தார். லீலா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவளிடம் ஒன்று தயாராக இருந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை. இவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். வகுப்பில் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டு நாம் கரும்பலகையைக் காட்டுவோமே, அப்படி.

என்னிடம் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லும் இரண்டு வரி இருந்தது. இயைபு பிசகாதது. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, அவர் வாக்கு என்றே நினைத்திருப்பார்கள். நான் இதற்கு எதிரி இல்லை என்று இந்த டைரியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். எதிரிதான். பயம். என்னோடு இந்த வீட்டுக்கு வந்த பேச்சு என்னோடு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தை இந்த மனுஷன் பார்த்திருக்கிறார். என்னை மீறி ஒரு சொல் சொல்லக் கூடாது என்று, பேச்சு இருந்த காலத்திலேயே வாயை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

அவர் இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்து, தாளத்தைத் தொடர்ந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டாருக்கு நான் சொன்ன ஒரே பந்துன் இது.

"மாசுக்லா நக், வஹாய் மெம்பெலை,
அனாக் கமி கினி பெர்டுவா."

உள்ளே வா பிள்ளாய், மாப்பிள்ளையே. எங்கள் பிள்ளைகள் இனி இருவர்.

என் மலாயில் தமிழ் வாடை அடிக்கும். அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. லீலா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இளவேனில் என் தோளில் விழுந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். வங்கியில் நாலு பேரை வேலை வாங்குகிறவள். நானும் அழுதேன். கனகராஜ் எழுந்து வந்து எங்கள் இருவர் காலையும் தொட்டான். நிமிரும்போது இவர் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கூட்டி, மிகவும் பாடுபட்டு, ஒரு சொல் சொன்னார்.

"ம்… மப்… பிலை."

கேசரியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஹயாத்தி தாளை வாங்கிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே முதல் கட்டத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். இரண்டாவது கட்டத்தில் நேரம்.

"புதுச் சொல், சிக்கு" என்றாள். அவளும் என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "ஆனா மொழிக் கட்டம் காலியா இருக்கே. மலாயா, தமிழா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "காலியாவே இருக்கட்டும்."